வாசற்படியில் நிற்பவளின் கையெழுத்து

டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் நகரத்தை ஒட்டிய ஒரு புறநகரிலே, என் தங்கை மகளின் வீட்டில், 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு நாள் இரவு, சாப்பாடு முடிந்து பாத்திரங்களை ஒழித்துப் போட்ட பிறகு, அவள் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "மாமா, பென்சிலால புள்ளி வச்ச இடத்துல கையெழுத்துப் போட்டாப் போதும்னு சொல்லிட்டுப் போயிருக்கார். போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து அமெரிக்க மத்திய சர்க்காருக்குத் தாக்கல் செய்யும் வருமான வரிக் கணக்கு அது. படிவம் 1040 என்பது அதன் பெயர். கேட்டவளோ கணக்கு அறியாதவள் அல்லள். திருச்சியில் வணிகவியல் பட்டம் பெற்று, சென்னையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஏழு வருஷம் உத்தியோகம் பார்த்து, தன் பெயரில் பான் அட்டை வாங்கி, ஆண்டுதோறும் தன் வரிக் கணக்கைத் தானே தாக்கல் செய்து பழகியவள். முந்திய ஆகஸ்டில் விவாகம் நடந்து, செப்டம்பரில் வேலையை விட்டு, அக்டோபரில் கணவனின் விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் கணவனோடு போய்ச் சேர்ந்த அவள், ஐந்தே மாதத்தில், தன் பெயர் அச்சாகியிருக்கும் ஒரு கணக்கைப் பற்றிப் பிறரிடம் அனுமதி கேட்பவளைப்போலக் கேட்கும் நிலைக்கு வந்திருந்தாள் என்பது அன்றிரவு என் மனத்தை வெகுநேரம் வருத்தியது.

கையெழுத்திடும் கோட்டுக்கு மேலே சிறிய எழுத்தில் ஒரு வாசகம் உண்டு. இந்தக் கணக்கையும் இதனுடன் இணைத்தவற்றையும் நான் பரிசீலித்தேன் என்றும், எனக்குத் தெரிந்தவரை இவை உண்மையும் முழுமையும் உடையவை என்றும், பொய்ப் பிரமாணத்துக்கு உரிய தண்டனையை அறிந்தே இதைச் சொல்கிறேன் என்றும் அந்த வாசகம் கூறுகிறது. மனைவிக்கென்று தனிச் சலுகை அதில் இல்லை. சம்பாதிப்பவன் எந்தச் சொற்களுக்குக் கீழே கையெழுத்திடுகிறானோ, அதே சொற்களுக்குக் கீழேதான் சம்பாதிக்க அனுமதி இல்லாதவளும் கையெழுத்திடுகிறாள். வரி எண்ணுக்கான மனுவும் கூடப் போகும் முதல் வருஷத்தில் இதைப் பேனாவால் எழுத வேண்டியிருப்பதாவது ஒரு வகையில் நல்லது. அடுத்த வருஷத்திலிருந்து கணக்கு மின்வழியே போகத் தொடங்கிவிட்டால், ஐந்து இலக்க ரகசிய எண் ஒன்றே கையெழுத்து ஆகிவிடுகிறது. அந்த ஐந்து இலக்கங்களைக் கணவனே தட்டிவிடுகிற வீடுகள் பல. அவ்வாறு தட்டுகிறவன் கெட்டவன் அல்லன். வேலையை முடித்துவிட்டு வருகிறவன், மனைவிக்கு எதற்குச் சிரமம் என்று நினைக்கிறான். ஆனால் அந்தச் சிரமம் அவளுடையது. அதை அவளுக்காக இன்னொருவர் பட முடியாது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

குடியேற்றச் சட்டமும் வரிச் சட்டமும் ஒரே சர்க்காரின் சட்டங்கள்தாம் என்றாலும், ஒரே பெண்ணை அவை இரண்டு விதமாகப் பார்க்கின்றன. குடியேற்றச் சட்டத்தின் கண்ணுக்கு அவள் கணவனின் விசாவைப் பற்றிக்கொண்டு வந்த தற்காலிக விருந்தாளி. பொதுவாக, கணவனுடைய கம்பெனி கிரீன் கார்டுக்காகத் தாக்கல் செய்யும் மனு அங்கீகாரம் பெற்ற பிறகுதான், 2015 மே 26 முதல் நடப்பிலிருக்கும் விதியின்படி, அவள் வேலைக்கு அனுமதி கேட்கலாம். அதுவரையில் ஒரு மணி நேரக் கூலி வேலைக்கும் அவளுக்கு உரிமை இல்லை. வரிச் சட்டமோ விசாவின் பெயரைக் கேட்பதற்கு முன்பு நாட்களை எண்ணுகிறது. நடப்பு ஆண்டில் குறைந்தது 31 நாட்களாவது அந்த நாட்டில் இருந்து, நடப்பு ஆண்டின் நாட்களை முழுதாகவும், முந்திய ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கையும், அதற்கும் முந்திய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கையும் கூட்டினால் 183 வருமாயின், எச்-4 மனைவியும் வரிச் சட்டப்படி அந்நாட்டு வாசியே ஆகிறாள். உலகத்தின் எந்த மூலையில் அவளுக்கு வருமானம் வந்தாலும் அது அங்கே கணக்கில் வந்தாக வேண்டும். உரிமை என்று வரும்போது அவள் வாசற்படிக்கு வெளியே. கடமை என்று வரும்போது அவள் வீட்டுக்கு உள்ளே.

என் தங்கை மகள் அக்டோபரில் போனவளாகையால், 2024-ஆம் ஆண்டுக்கு இந்த நாள் கணக்கு நிரம்பவில்லை; சட்டப்படி அவள் அந்த ஆண்டில் வெளிநாட்டவளே. இப்படிப்பட்டவளை, கணவன் குடிமகனாகவோ வரிச் சட்டப்படி வாசியாகவோ இருக்கும் பட்சத்தில், வாசியாகவே பாவித்துச் சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்துகொள்ளலாம் என்று ஒரு தேர்வுரிமையைச் சட்டம் தருகிறது. அதற்கு இருவரும் கையெழுத்திட்ட ஓர் அறிக்கையைக் கணக்குடன் இணைக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் தனித்தனியே தாக்கல் செய்யும் கணவனுக்குப் பொதுக் கழிவு 14,600 டாலர். சேர்ந்து தாக்கல் செய்தால் 29,200 டாலர். 2025-ஆம் ஆண்டுக்கு அவை 15,750, 31,500 என்று உயர்ந்தன. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பெரிய தொகை ஆகையால், பெரும்பாலான தம்பதிகள் சேர்ந்து தாக்கல் செய்வதையே தேர்ந்துகொள்கிறார்கள்; அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தத் தேர்வுக்கு ஒரு விலை உண்டு. வாசியாகப் பாவிக்கப்படுகிறவள் அந்த வருஷம் முழுமைக்கும் வாசியாகவே பாவிக்கப்படுகிறாள். ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரையில் சென்னையில் அவள் வாங்கிய சம்பளமும் அமெரிக்கக் கணக்குக்குள் வந்துவிடுகிறது. அன்றிரவு நாங்கள் இருவரும் அந்தக் கட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது, சென்னைச் சம்பளம் எங்கும் காணப்படவில்லை. கணக்கைத் தயாரித்துக் கொடுத்தவர் கணவனை மட்டும் கேட்டிருக்கிறார். கணவன் தன் சம்பளத் தாளைக் கொடுத்திருக்கிறான். மனைவியை ஒருவரும் கேட்கவில்லை. இந்தியாவில் பிடித்த வரிக்கு அங்கே கழிவு பெறுவதற்கு 1116 என்று ஒரு படிவம் இருக்கிறது; ஆதலால் பணம் பெரிதாக மாறியிராது. ஆயினும் பொய்க்கு உரிய தண்டனையை அறிந்தே சொல்கிறேன் என்ற வாசகத்தின் கீழ், முழுமையற்ற கணக்கு ஒன்றில், அதன் குறையை அறிந்த ஒரே மனுஷி கையெழுத்திட இருந்தாள். நம் நாட்டு நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அவர்களுடையது ஜனவரியில். ஆகையால் இரண்டு நிதியாண்டுகளின் சம்பளக் கணக்கைப் பிரித்து ஒன்பது மாதச் சம்பளத்தை எடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை அந்த வீட்டில் அவளைக் காட்டிலும் திறமையாகச் செய்யக்கூடியவர் எவரும் இல்லை. இரண்டு மாலைப் பொழுதுகளில் செய்து முடித்தாள்.

சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்வது என்ற ஏற்பாட்டின் வரலாற்றைச் சற்றே சொல்ல வேண்டும். வாஷிங்டன், டெக்சாஸ், கலிபோர்னியா முதலிய சில மாநிலங்களில் கணவன் மனைவியின் சம்பாத்தியம் இருவருக்கும் பொதுச் சொத்து என்பது பழைய விதி. அந்த விதிப்படி கணவனின் வருமானத்தை இருவருக்கும் பாதியாகப் பிரித்து வரி கட்டலாம் என்று 1930-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்ற மாநிலத்துத் தம்பதிகளுக்கு அந்த லாபம் இல்லாமையால் எழுந்த குறையைத் தீர்க்க, 1948-ல், ஜனாதிபதி ட்ரூமனின் தடையாணையையும் மீறிக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, நாடெங்கும் தம்பதிகள் வருமானத்தைப் பிரித்துக் கணக்கிட வழிசெய்தது. மனைவியின் உழைப்புக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதைவிடக் கணவனின் வரிச் சுமையைக் குறைக்க வேண்டும் என்பதே அதன் தூண்டுகோல் என்று நான் கருதுகிறேன். லாபத்தைப் பிரித்துக் கொடுத்த சட்டம் ஜவாப்தாரித்துவத்தைப் பிரிக்கவில்லை. சேர்ந்து கையெழுத்திட்ட கணக்கில் குறையும் வரி, வட்டி, அபராதம் அத்தனைக்கும் இருவரும் முழுமையாகப் பொறுப்பு. சர்க்கார் விரும்பினால் முழுத் தொகையையும் ஒருவரிடமிருந்தே வசூலிக்கலாம். பின்னாளில் விவாகரத்து ஆகி, கடன் முழுவதும் கணவனுடையது என்று குடும்ப நீதிமன்றம் எழுதிவைத்தாலும், வரித்துறையை அது கட்டுப்படுத்தாது.

இதனால் நொந்துபோன மனைவிமார்களின் முறையீடு பெருகியபின், 1971-ல் ஒரு பரிகாரமும், 1998-ல் அதைவிட விசாலமான பரிகாரமும் சட்டத்தில் ஏறின. கணவன் மறைத்ததை மனைவி அறியவில்லை, அறிந்திருக்க வேண்டிய காரணமும் இல்லை என்று நிரூபித்தால் விடுதலை உண்டு. படிவம் 8857 அதற்கு உரியது. ஆனால் நிரூபிக்கும் பாரம் அவள்மேல்தான். கணக்குப் பிரிவில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள், கணக்கு எனக்குத் தெரியாது என்று சொல்லி எளிதில் தப்ப முடியாது. இன்னொரு விதியையும் எல்லோரும் அறிந்திருப்பது அவசியம்: தனித்தனியே தாக்கல் செய்தவர்கள் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் அதைச் சேர்ந்த கணக்காகத் திருத்திக்கொள்ளலாம், சேர்ந்து தாக்கல் செய்துவிட்டவர்கள், கெடு தேதி கடந்தபின், அதைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள முடியாது. மனத்தில் சந்தேகம் உள்ள பெண்ணுக்கு இந்த ஒரு விதியே பெரிய அரண்.

நம் நாட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இந்த ஏற்பாடு விநோதமாக இருப்பது இயல்பே. இந்திய வருமான வரிச் சட்டத்தில் தம்பதிகள் சேர்ந்து தாக்கல் செய்யும் கணக்கு என்பது கிடையாது. மனைவி மனைவியாக அல்ல, தனி நபராகவே வரித்துறைக்கு முன் நிற்கிறாள். நம் சமூகத்தில் பெண்ணுக்கு ஆயிரம் குறைகள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவள் தன் பெயரிலேயே நின்று பழகியவள். அந்தப் பழக்கத்தை விமானம் ஏறும்போது மீனம்பாக்கத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

இனி, வரிக் கணக்கில் எழுத வேண்டிய எண்ணைப் பற்றி. வேலை செய்ய அனுமதி பெறாத எச்-4 மனைவிக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக, 1996-லிருந்து, ஐ.டி.ஐ.என். என்ற வரி எண் வழங்கப்படுகிறது. ஒன்பது இலக்கம்; ஒன்பதில் தொடங்கும்; வரி கட்டுவதற்கன்றி வேலை செய்வதற்கு உதவாது. அதைப் பெற டபிள்யூ-7 என்ற மனுவை வரிக் கணக்கோடு சேர்த்து ஆஸ்டின் நகரத்துக்கு அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட்டின் மூலத்தையோ, அதை வழங்கிய அதிகாரிகளே சான்றளித்த பிரதியையோ உடன் வைக்க வேண்டும். அந்நிய தேசத்தில் தன்னை யார் என்று காட்டும் ஒரே புத்தகத்தைத் தபாலில் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பதென்றால், ஊரில் தாய் தகப்பன் நோயாளியாக இருக்கும் ஒரு பெண்ணின் மனம் எவ்வளவு பதறும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. வரித்துறையின் அங்கீகாரம் பெற்ற முகவர்களும், வரித்துறையின் சில உதவி நிலையங்களும் பாஸ்போர்ட்டை நேரில் பார்த்துச் சரிபார்த்து உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதை அறியாமல் தபாலில் அனுப்பியவர்கள் பலர். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எந்தக் கணக்கிலும் பயன்படுத்தாவிட்டால் அந்த எண் காலாவதியாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு 2020-ஆம் ஆண்டு விடை சொல்லியது. கொரோனாத் தொற்றுக் காலத்தில், மார்ச் மாதத்தில், தலைக்கு 1,200 டாலர் நிவாரணம் வழங்கச் சட்டம் வந்தபோது, சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்த தம்பதியில் ஒருவரிடம் ஐ.டி.ஐ.என். மட்டும் இருந்தால், ராணுவத்தில் பணிபுரியும் குடும்பம் நீங்கலாக, இருவருக்குமே நிவாரணம் இல்லை என்று ஆயிற்று. பிறப்பால் அமெரிக்கப் பிரஜையான ஒருவன், தன் மனைவி வாசற்படியில் காத்திருப்பவள் என்ற ஒரே காரணத்தால், தன் பங்கையும் இழந்தான். அதே வருஷம் டிசம்பரில் வந்த சட்டம் இந்த அநியாயத்தை முன்தேதியிட்டுத் திருத்தியது. திருத்தியது போற்றத்தக்கதே, ஆனால் மிகவும் கஷ்டமான ஒன்பது மாதங்கள் இடையில் கழிந்துவிட்டன. குறைந்த வருமானமுள்ள உழைப்பாளிகளுக்கான வரிச் சலுகையிலோ இந்தத் திருத்தம்கூட இல்லை. சேர்ந்து தாக்கல் செய்யும் இருவருக்கும் வேலைக்குத் தகுந்த சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால்தான் அது இன்றும் கிடைக்கும்.

நம்மவர்களுக்கே உரிய மற்றோர் இடர் பாங்குக் கணக்குகளில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் தகப்பனார் மகள் பெயரில் போட்டுவைத்த ஃபிக்ஸட் டெபாசிட், தாயார் தனக்கு ஏதேனும் ஆனால் என்ற நினைவில் மகள் பெயரையும் சேர்த்துத் திறந்த சேமிப்புக் கணக்கு, பழைய கம்பெனியின் சம்பளக் கணக்கு, பி.பி.எஃப். புத்தகம் என்று ஒரு பெண்ணின் பெயர் நாலைந்து இடங்களில் இருப்பது நம் குடும்பங்களில் சகஜம். நாள் கணக்கின்படி அவள் வாசி ஆன வருஷத்திலிருந்து, வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றின் மொத்தம் ஆண்டில் ஒரே ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், எஃப்.பி.ஏ.ஆர். என்ற தனி அறிக்கையை அவள் அமெரிக்க நிதி இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். தாயாரின் பணம்தானே என்பது சமாதானம் ஆகாது. கூட்டுக் கணக்கில் அவள் பெயர் இருந்தால் முழு இருப்பும் அவள் அறிக்கையில் வரும். இது வரி அன்று, அறிவிப்பு மாத்திரமே. ஆனால் வரியைவிட அபராதம் கடுமையானது. ருமேனியாவில் பிறந்து அமெரிக்கப் பிரஜையான பிட்னர் என்பவர் 272 கணக்குகளை உரிய காலத்தில் அறிவிக்கத் தவறியதற்காக, வேண்டுமென்றே செய்த குற்றம் அல்ல என்று ஒப்புக்கொண்டபோதும், சர்க்கார் கணக்குக்குப் பத்தாயிரமாக 27 லட்சத்து 20 ஆயிரம் டாலர் கேட்டது. கணக்குக்கு ஒன்றாக அல்ல, அறிக்கைக்கு ஒன்றாகவே அபராதம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்த பிறகு அது 50,000 டாலராகக் குறைந்தது. இந்தியாவில் பி.பி.எஃப். வட்டிக்கு வரி இல்லை என்பதால் அங்கேயும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த விலக்கு அமெரிக்கச் சட்டத்தில் கிடையாது.

அமெரிக்கப் பிரஜையை மணந்து கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களின் நிலை வேறு. அங்கே வரிக் கணக்கு விவாகத்துக்கே சாட்சியாகிறது. கணவனோ மனைவியோ தரும் ஜாமீன் பத்திரமான ஐ-864 படிவத்தோடு சமீபத்திய வரிக் கணக்கை வைத்து, வறுமைக் கோட்டின் 125 சதவீத வருமானம் உண்டு என்று காட்ட வேண்டும். விவாகமாகி இரண்டு ஆண்டு நிறைவதற்கு முன் கிடைக்கும் கிரீன் கார்டு, 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டாண்டு நிபந்தனைக்கு உட்பட்டது. அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவில், சேர்ந்து தாக்கல் செய்த வரிக் கணக்குகள் மெய்யான இல்லறத்துக்கு நல்ல சான்றாகக் கொள்ளப்படுகின்றன. கார்டு இன்னும் வரவில்லையே, மனைவிக்கு எண் இல்லையே என்று எண்ணி, மணமான ஒருவர் 'தனியர்' என்ற கட்டத்தில் குறி இடுவதைப் போன்ற தவறு வேறில்லை. குடியேற்ற இலாகாவுக்குக் கணவன் மனைவி என்றும், வரித்துறைக்குத் தனியர் என்றும் எழுதிய இரண்டு காகிதங்கள் ஒரே மேஜையில் சந்திக்கும் நாள் வரும். அவ்வாறு செய்துவிட்டவர்கள் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தால், விசாரணைக்கு முன்பே, அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இந்தக் காத்திருப்பு சில மாதக் காத்திருப்பாயின் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் உத்தியோக வழியில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகளை ஒதுக்கி, ஒரு நாட்டாருக்கு நூற்றுக்கு ஏழுக்கு மேல் இல்லை என்று வரம்பு கட்டியது. மனைவியரும் குழந்தைகளும் அந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடக்கம். அதனால், 2025-ஆம் ஆண்டின் இறுதியில், இந்தியரின் இரண்டாம் பிரிவு வரிசையில், 2013-ல் இடம் பிடித்தவர்களுக்கே முறை வந்திருந்தது. பன்னிரண்டு வருஷம் என்றால் பன்னிரண்டு வரிக் கணக்குகள், பன்னிரண்டு கையெழுத்துகள். வரிசையில் நிற்கும் மனைவியின் பெயர், வேறெந்தச் சர்க்கார் ஏட்டைக் காட்டிலும், அந்தப் பன்னிரண்டு கணக்குகளில்தான் இடைவிடாமல் பதிவாகிறது. (மனைவியின் வேலையைத் தொடர்ந்து போய்க் காத்திருக்கும் கணவன்மாரும் உண்டு, நான் சொல்வது அத்தனையும் அவர்களுக்கும் பொருந்தும்.)

அமெரிக்கச் சட்டசபைகளுக்கு நாம் யோசனை சொல்லும் பாத்தியதை இல்லை என்று சிலர் சொல்லலாம். அந்தச் சர்க்காருக்கு நம் பெண்கள் கையெழுத்திட்டுக் கணக்குக் கொடுக்கும் வரையில் அந்தப் பாத்தியதை உண்டு என்பது என் அபிப்பிராயம். விசா கொடுத்து உள்ளே அனுமதித்த மனைவிக்கு, வந்து இறங்கிய மாதத்திலேயே ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவதற்கு அந்தப் பெரிய சர்க்காரிடம் வசதி இல்லாமல் இல்லை. சேர்ந்து கையெழுத்திடுவதால் முழுக் கடனுக்கும் பொறுப்பாகிறாய் என்ற ஒரு வரியைக் கையெழுத்துக் கோட்டின் அருகிலேயே அச்சிடுவதற்குச் செலவும் இல்லை. இவ்விரண்டும் வராத வரையில், எச்சரிக்கை நம்முடையதாக இருக்க வேண்டும். கணக்கைத் தயாரிப்பவர் வீட்டுக்கு இருவரும் சேர்ந்து போவது நல்லது. வருமானம் குறைவான குடும்பங்களுக்கு வீட்டா என்ற தன்னார்வ உதவித் திட்டம் இலவசமாகவே கணக்கைத் தயாரித்துத் தருகிறது. விசாக் காலம் தவறிப்போனவர்கள், வரித்துறைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவுக்கும் இடையே 2025 ஏப்ரலில் ஏற்பட்ட தகவல் பகிர்வு உடன்படிக்கையை மனத்திற்கொண்டு, முதலில் ஒரு குடியேற்ற வக்கீலைக் கலந்துகொள்ள வேண்டும்.

என் தங்கை மகளின் கணவன், சென்னைச் சம்பளம் விடுபட்டதைக் கண்டதும், சற்றும் தயங்காமல் கணக்கைத் திருத்தி எழுதச் சொன்னான். ஏப்ரல் முதல் வாரத்தில் அவள் ஒவ்வொரு பக்கத்தையும் படித்த பின் பேனாவை எடுத்துத் தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

கணக்குக் கொடுக்கும் கெடு தேதி ஏப்ரல் 15. அயல்நாட்டில் காத்திருக்கும் பெண்களே, அதற்கு முன்பாக ஒரு நாள் மாலையை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள், உங்கள் பெயர் உள்ள கணக்கை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் படியுங்கள், புரியாததைக் கேளுங்கள், புரிந்த பிறகு கையெழுத்திடுங்கள். கணக்கின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்து தாக்கல் செய்த கணக்கின் சுருக்கப் பிரதியை வரித்துறையிடமிருந்து நேரே பெறுவதற்குக் கணவனுக்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை உங்களுக்கும் உண்டு. அந்தக் காகிதத்தை உங்கள் பாஸ்போர்ட்டோடு சேர்த்து உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.